பியர் காய்ச்சப் பானை வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பேர்னில் பதினொரு வருடம் இருந்தேன். மாதம் ஒருமுறையாவது கராஜில் பியர் காய்ச்சுவேன். கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்த பிறகும், படிப்புக்கும் வேலைக்கும் வெளியே போகிற மருமக்கள், அங்கேயே தங்கிவிட்ட சிநேகிதர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "எந்தப் பானை வாங்குவது?" இதுவரை கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

"கெற்றில்" என்கிறார்களே, தேத்தண்ணி வைக்கிற கேத்தலா?

இல்லை. வாய் முழுதும் திறந்த பெரிய பானை. நம் ஊர்க் கல்யாண வீட்டில் அடுப்பில் ஏறுகிற கிடாரத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். முளைவிட்டு உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான பழுப்பு நீர் வரும். அதற்கு வோர்ட் என்று பெயர். அதை ஒரு மணி நேரம் கொதிக்கவைப்பதற்குத்தான் இந்தப் பானை. அந்தக் கொதிப்பில் கிருமி சாகும், ஹொப்ஸ் பூவின் கசப்பு இறங்கும், புரதம் திரண்டு கீழே படியும், வேண்டாத மணங்கள் ஆவியோடு போகும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். "காய்ச்சுவது" என்றதும் நம் ஊரில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம்தான் ஞாபகத்துக்கு வரும். இது அதுவல்ல. பானையில் கொதிக்கும்போது அதில் ஒரு துளி மதுசாரமும் இல்லை. ஆறவைத்து ஈஸ்ட் போட்ட பிறகுதான் அது உண்டாகும். சாராயம்போல் ஆவியாக்கி வடித்தெடுக்கும் வேலை இதில் கிடையாது.

கொழும்பில் வீட்டிலேயே காய்ச்சலாமா?

அனுமதிப்பத்திரம் இல்லாமல் கூடாது. 1912-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி இங்கே மதுபானம் உற்பத்தி செய்ய உரிமம் வேண்டும். சொந்தப் பாவனைக்குக் கொஞ்சம்தானே என்று விளையாடவேண்டாம். பிரித்தானியாவில் வீட்டுப் பாவனைக்கான அனுமதிப்பத்திர முறை 1963-இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிதிறந்தது. அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் சொந்தப் பாவனைக்குக் காய்ச்சலாம். விற்பது எங்கேயும் வேறு கதை. ஆகவே இந்தப் பதில்கள் அந்த நாடுகளில் காய்ச்சுகிறவர்களுக்கும் அங்கே போகப்போகிறவர்களுக்கும். என் பானை இப்போது வெள்ளவத்தையில் இஞ்சியும் சீனியும் போட்டுப் புளிக்கவைக்காத பானம் காய்ச்சுகிறது. அதற்கும் இங்கே சொல்வதில் பாதி பொருந்தும்.

கடைக்குப் போனால் முதலில் எதைப் பார்ப்பது?

கடைக்குப் போகாதீர்கள். முதலில் உங்கள் அடுப்பைப் பாருங்கள்.

பானையைத் தெரிவு செய்வது நீங்கள் அல்ல, உங்கள் அடுப்பு. எத்தனை லீற்றரைக் கொதிக்கவைக்க அதற்குச் சக்தி இருக்கிறது, எவ்வளவு பாரத்தைத் தாங்கும், அகலமான அடிக்கு இடம் இருக்கிறதா, இண்டக்சனா, காஸா, கரண்ட் சுருளா. இவை தெரியாமல் வாங்கிய பானைகள் எத்தனையோ வீட்டில் அரிசி வாளியாக நிற்கின்றன. நம் பிளாட்களில் இருக்கிற இரட்டை பர்னர் கண்ணாடி அடுப்பின் மேல் 30 லீற்றர் பானையை ஏற்றவே கூடாது. தண்ணீர் மட்டுமே 30 கிலோ, பானையின் நிறை தனி. கண்ணாடி உடைந்தால் கொதிநீர் முழுதும் உங்கள் காலில்தான். அந்த அளவுக்குப் போனால் தரையில் உறுதியாக நிற்கும் ஒற்றை பர்னர் அடுப்பு வேண்டும், கேற்றரிங்காரர் வைத்திருப்பது போல.

எத்தனை லீற்றர் பானை வேண்டும்?

20 லீற்றர் பியருக்கு 20 லீற்றர் பானை போதும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அன்று 21 லீற்றர் பானையில் 18 லீற்றர் வோர்ட். கொதி வரப்போகிற நேரம், மேலே காப்பி நிறத்தில் ஒரு தோல் படர்ந்தது. நடுவில் மெல்ல வீங்கியது. நான் திரும்பி ஹொப்ஸ் பொட்டலத்தை வெட்டி முடிக்குமுன் நுரை விளிம்பைத் தாண்டிவிட்டது. பர்னர் அணைந்து போனது, வழிந்த இனிப்பு கருகி அடுப்பில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்ட இரண்டு நாள் போனது. தைப்பொங்கலன்று பால் பொங்கி வழிவது நல்ல சகுனம். வோர்ட் வழிவது நட்டம், அதோடு காயத்துக்கும் வழி.

அன்று நான் போட்டிருக்கவேண்டிய கணக்கு இது. ஈஸ்ட் போடும் வாளிக்கு 20 லீற்றர் போய்ச்சேர வேண்டும். பானையின் அடியில் கசடோடு 2 லீற்றர் நின்றுவிடும். ஒரு மணி நேரக் கொதிப்பில் 3 முதல் 4 லீற்றர் ஆவியாகும். சூடான நீர் ஆறும்போது 4 வீதம் சுருங்கும், அது ஒரு லீற்றர் அளவில். கூட்டினால் கொதிப்பின் தொடக்கத்தில் 26, 27 லீற்றர் பானையில் இருக்கவேண்டும். அதற்கு மேல் நுரைக்குப் பானையின் கால்வாசியை விட்டால் 36 லீற்றர் வரும். ஆக 20 லீற்றர் பியருக்குக் குறைந்தது 36 லீற்றர் பானை, 40 என்றால் நிம்மதி.

தானியத்தைத் துணிப்பையில் கட்டி அதே பானையில் ஊறவைக்கும் முறைக்கு 50 லீற்றர் பாருங்கள். முழுத் தண்ணீரும் 5 கிலோ தானியமும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும். 40-இல் செய்யலாம்தான், ஆனால் விளிம்புவரை வந்து நிற்கும்.

என் அறையில் இருப்பது சின்ன மின்சார அடுப்பு. எனக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. மோல்ட் சாற்றை, அதாவது முளைவிட்ட வாற்கோதுமையின் கெட்டிச் சாற்றை வாங்கி, 10 லீற்றரை மட்டும் கொதிக்கவைத்து, மிச்சத்துக்கு வாளியில் சுத்தமான குளிர் தண்ணீர் சேர்க்கலாம். அதற்கு 15 லீற்றர் பானை தாராளம். தண்ணீர் சேர்ப்பதால் ஆறவைக்கும் வேலையும் பாதி குறையும். மாணவர்கள் இப்படித் தொடங்குவதுதான் நல்லது. முழு அளவுக்கு ஆசைப்பட்டு, கொதிக்கவே கொதிக்காத 27 லீற்றரின் முன்னால் மூன்று மணி நேரம் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உயரமானதா, அகலமானதா?

விட்டமும் உயரமும் ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும். கிடாரம்போல வாய் அகன்றால் ஆவி அதிகம் போகும், கடைசியில் கணக்கு உதைக்கும். ஒல்லியாக உயர்ந்தால் நுரை சுறுக்காக மேலேறும், கிளறவும் கை எட்டாது.

எனக்குப் பிடித்த அளவு ஒன்று உண்டு: 36 செ.மீ. விட்டம், 36 செ.மீ. உயரம். கொள்ளளவு 36 லீற்றருக்குச் சற்று மேல். அதன் அழகு இதில்தான்: 36 செ.மீ. விட்டமுள்ள பானையில் ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயரமும் கிட்டத்தட்ட ஒரு லீற்றர். நீண்ட அகப்பைக் காம்பில் சென்ரிமீற்றர் கோடுகளைக் கீறிவிட்டால் அதுவே அளவுகோல். பானையின் உள்ளே கோடு அடித்து விற்பதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. நான் இன்றைக்கும் ஒரு பழைய அகப்பையைத்தான் வைத்திருக்கிறேன், 27-ஆவது கோட்டில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது.

அலுமினியமா, எவர்சில்வரா?

இரண்டிலும் நல்ல பியர் வரும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அலுமினியம் விஷம் என்று பயந்து, கைக்கு மிஞ்சிய காசுக்கு எவர்சில்வர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அலுமினியம் காற்றில் பட்டதும் மேலே ஒட்சைட்டுப் படலம் ஒன்று தானாக உண்டாகும். அதுதான் உலோகத்துக்கும் வோர்ட்டுக்கும் இடையிலான சுவர். வோர்ட் கொஞ்சம் அமிலம், அமிலத்தை அளக்கும் pH எண் 5-ஐச் சற்றுத் தாண்டி நிற்கும். அந்த அளவு அமிலத்துக்கு இந்தப் படலம் தாக்குப்பிடிக்கும். புதுப் பானையில் விளிம்புவரை தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கொதிக்கவையுங்கள். உள்பக்கம் மினுக்கம் போய்ச் சாம்பல் நிறமாகும். அந்த மங்கல்தான் நமக்கு வேண்டியது.

அந்த நிறத்தைக் காப்பாற்றுவதுதான் நம் வீடுகளில் கஷ்டம். மெல்பேர்னுக்கு அம்மா வந்திருந்த நேரம், நான் வேலைக்குப் போய்த் திரும்பியபோது பானை வெள்ளிபோல் மின்னிக்கொண்டு குசினி மேசையில் இருந்தது. புளியும் தேசிக்காய்க் கோதும் போட்டு, கம்பிப் பஞ்சால் தேய்த்திருந்தார். பாசத்தோடு செய்த வேலை, ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. மறுபடி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தேன். அலுமினியப் பானையை மென்மையான பஞ்சால் கழுவினால் போதும். கோஸ்டிக் சோடா கலந்த கழுவிகள் பக்கத்திலேயே வரக்கூடாது, அவை உலோகத்தையே அரித்துவிடும்.

எவர்சில்வரின் நன்மை, பராமரிப்பு லேசு. பெரும்பாலான கழுவிகளைப் போட்டுத் தேய்க்கலாம். குளோரின் ப்ளீச்சில் மட்டும் ஊறவைக்கக்கூடாது, புள்ளி புள்ளியாக ஓட்டை விழும். ஆனால் சூட்டைக் கடத்துவதில் அலுமினியம் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. அலுமினியப் பானையில் சூடு அடி முழுதும் பரவும். மெல்லிய எவர்சில்வரில் நெருப்பு படுகிற இடம் மட்டும் கொதிக்கும்.

என் தீர்ப்பு: காசு இறுக்கம் என்றால் தடித்த அலுமினியம். பத்து வருடம் காய்ச்சுவேன் என்று மனதில் உறுதி இருந்தால் மூன்றடுக்கு அடி போட்ட எவர்சில்வர். மெல்லிய எவர்சில்வர் வேண்டவே வேண்டாம். இரண்டின் குறையும் அதில் சேர்ந்திருக்கும்.

மெல்லிய அடி என்றால் அப்படி என்ன நடக்கும்?

மோல்ட் சாறு தேன்போல் கெட்டி. ஊற்றியதும் நேரே அடிக்குப் போய்ப் படியும். அடி மெல்லியதாக இருந்தால் கரைவதற்குள் கருகிவிடும். ஒருமுறை எனக்கு உள்ளங்கை அகலத்தில் கறுப்பு வட்டமாகப் பிடித்தது. 20 லீற்றரிலும் அடிப்பிடித்த பாலின் மணம், முழுவதையும் ஊற்றினேன். எந்தப் பானையானாலும் சாற்றை ஊற்றும்போது நெருப்பை அணைத்துவிட்டு, கரையும்வரை கிளறி, பிறகு மூட்டுங்கள்.

காந்தம் ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர்தானே?

கடைக்காரரும் அப்படித்தான் காட்டுவார், ஆனால் அது பாதி உண்மை. நல்ல 304 ரகத்தில் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் இருக்கும். காந்தம் ஒட்டாது. விலை குறைந்த 201 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்க்கிறார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தத்தால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. 201 சீக்கிரம் கறைபிடிக்கும். எழுத்தில் ரகம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், பற்றுச்சீட்டிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

காந்தம் வேறொன்றுக்கு உதவும். இண்டக்சன் அடுப்பு வைத்திருப்பவர்கள் அதை அடியில் வைத்துப் பாருங்கள். அடியில் ஒட்டினால்தான் அந்த அடுப்பில் சூடாகும். அலுமினியப் பானை அதில் வேலை செய்யாது.

பரம்பரைப் பித்தளை அண்டா, செம்புக் கிடாரம் வீட்டில் இருக்கிறதே?

பூசைக்கும் அலங்காரத்துக்கும் வைத்திருங்கள். செம்பு பியருக்குப் பகையல்ல. ஒருகாலத்தில் ஐரோப்பிய மதுசாலைகளில் எல்லாம் செம்புதான், இங்கிலாந்தில் இந்தப் பானையை இன்றைக்கும் "காப்பர்" என்றே அழைக்கிறார்கள். ஆனால் பழைய பித்தளையில் காரீயம் கலந்திருக்கலாம், உள்பூச்சில் என்ன போட்டார்கள் என்று இன்று யாருக்கும் தெரியாது. அமிலமான திரவத்தை அதில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டாம். எனாமல் பானை உடையாதவரை நல்லது. ஒரு சில்லு பறந்தால் இரும்பு வெளியே வரும், துருவின் சுவை பியரில் ஏறும்.

காஸா, கரண்டா?

27 லீற்றரை 28 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுபோக 2.3 அலகு கரண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். நம் 13 அம்பியர் சதுரப் பிளக், 230 வோல்ற்றில் 3 கிலோவாற்றுக்குத்தான் கணக்கு. அப்படியென்றால் சூடு வீணாகாவிட்டாலும் முக்கால் மணி நேரம். 2 கிலோவாற்றுச் சுருளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். சாதாரண இண்டக்சன் தட்டில் முழுவீச்சில் கொதிப்பு வராமல் வெறுமனே தளதளக்கும். பானையைச் சுற்றிப் பழைய போர்வை போன்ற சூடுதாங்கும் உறை கட்டினால் உதவும், நெருப்பில்லாத அடுப்பில் மட்டும். கரண்டில் செய்கிறவர்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஈரக் கையும் வழிகிற திரவமும் உள்ள வேலை இது.

காஸில் வேகம். சூட்டின் பாதி பானைக்குள் போகிறது என்று வைத்தால், கொதிக்கவைக்கவும் 4 லீற்றரை ஆவியாக்கவும் சேர்த்து முக்கால் கிலோ காஸ் எரியும். நம் 12.5 கிலோ சிலிண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பதினாறு தடவைக்கு வரும். 2022-இல் சிலிண்டருக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். ஆனால் காஸ் பர்னரை மூடிய அறையில் வைக்காதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. 4 லீற்றர் தண்ணீர் நீராவியாகி உங்கள் சுவரிலும் சீலிங்கிலும் படியும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். முற்றம், கராஜ் வாசல், காற்றோட்டமான பின்பக்கம், அவைதான் இடம்.

அடியில் குழாய் பொருத்திய பானை வேண்டுமா?

15 லீற்றருக்கு வேண்டாம். 36 லீற்றருக்குக் கட்டாயம். கொதித்த 25 லீற்றரை இரண்டு கையால் தூக்கிச் சரிப்பதைப் போல ஆபத்தான வேலை இதில் வேறில்லை. வோர்ட் வெறும் தண்ணீரல்ல, சீனிப்பாகு. தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பட்டுவிட்டால் பற்பசையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துவிட்டு டொக்டரிடம் போங்கள்.

துளை போட்டுக் குழாய் பூட்டுவதை லேத் பட்டறையில் செய்து தருவார்கள். உள்ளேயும் வெளியேயும் சிலிக்கன் வாசர் வைக்கச் சொல்லுங்கள். மூன்று துண்டாகக் கழரும் எவர்சில்வர் பந்து வால்வு (ball valve) நல்லது. கழராத வால்வின் வயிற்றில் வோர்ட் தங்கிப் புளிக்கும், அது அடுத்த பியரைக் கெடுக்கும்.

கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறவர்கள் கவனிக்க: கொழும்பில் கிடைப்பது பிரித்தானியக் குழாய்ப் புரி. அங்கே பாவிப்பது அமெரிக்கப் புரி. அரை அங்குலத்தில் இரண்டிலும் அங்குலத்துக்கு 14 சுற்றுத்தான், அதனால் இரண்டு சுற்றுப் பிடிக்கும், பொருந்திவிட்டது என்று நினைப்பீர்கள். ஆனால் பல்லின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. எத்தனை தடவை திரட் டேப் சுற்றினாலும் கசியும். இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிறவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை.

மூடி தேவையா?

கொதி வரும்வரை மூடுங்கள், காஸ் மிச்சம். கொதி வந்ததும் எடுத்துவிடுங்கள். மோல்ட்டிலிருந்து கிளம்பும் கந்தகச் சேர்வை ஒன்று ஆவியோடு வெளியே போகவேண்டும். மூடினால் மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டும், பியரில் அவித்த சோளத்தின் மணம் வரும்.

ஆறவைப்பதற்கும் பானைக்கும் என்ன சம்பந்தம்?

செம்புக் குழாய்ச் சுருளைப் பானைக்குள் இறக்கி, அதற்குள் குளிர் தண்ணீர் ஓடவிடுவதுதான் வழக்கம். சுருள் உள்ளே போய் முழுதும் மூழ்கவேண்டும், ஆகவே பானை வாங்கும்போதே அதன் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். ரொறன்ரோக் குளிர்காலத்தில் குழாயைத் திறந்தால் போதும், அரை மணி நேரத்துக்குள் காரியம் முடியும். கொழும்புபோல் குழாய்த் தண்ணீரே 28 பாகையில் வருகிற வெப்பமான ஊர்களில் சுருள் 35 பாகைக்கு அருகில் களைத்து நின்றுவிடும். ஏல் என்ற பியர் வகையின் ஈஸ்ட்டுக்கு 20 பாகை வேண்டும். அங்கிருந்து 20 லீற்றரை இறக்க 4 கிலோ ஐஸ் பிடிக்கும். பானை உட்காரக்கூடிய ஒரு பெரிய பேசினும் அதனால் தேவை. ஐஸைப் பானைக்கு வெளியே போடுங்கள், உள்ளே அல்ல.

விடுமுறைக்கு வரும்போது கொழும்பில் வாங்கிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. புறக்கோட்டையில் தடித்த அலுமினியப் பானைகளை நேரில் தட்டிப் பார்த்து வாங்கலாம். வால்வும் வாசரும் பழைய சோனகத் தெரு ஹாட்வெயார்க் கடைகளில் கிடைக்கும். நல்ல பானையைத் தட்டினால் மந்தமான சத்தம் வரும், மெல்லியது தகரம்போல் அதிரும். விளிம்பை இரண்டு கையாலும் அமுக்குங்கள், நெளிந்தால் வைத்துவிட்டு நடவுங்கள். கைபிடி ஒட்டுவேலையா ஆணியடித்ததா என்று பாருங்கள். ஆணி குறைந்தது நான்கு இருக்கட்டும், ஆடக்கூடாது.

36 செ.மீ. பானை பெரிய அட்டைப் பெட்டியில் ஏறும். உள்ளே உடுப்பை அடுக்கினால் இடமும் வீணாகாது. அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் கூடவே சிரட்டை அகப்பையோ மர அகப்பையோ எடுத்துப் போனால் சுங்கப் படிவத்தில் மறக்காமல் அறிவியுங்கள். மரப்பொருள் விஷயத்தில் அவர்கள் கண்டிப்பு.

அதே பானையில் வீட்டுச் சமையலும் செய்யலாமா?

இஞ்சிப் பானம், பாயாசம், வெந்நீர், சரி. இறைச்சிக் கறியும் புரியாணியும் வேண்டாம். எண்ணெய்ப் பசை எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் நிற்கும், அந்தப் பசை பியரின் நுரையைக் கொன்றுவிடும். ரசம் வைத்த அலுமினியத்தில் புளி படலத்தை அரித்திருக்கும், மறுபடி அரை மணி நேரம் தண்ணீர் கொதிக்கவைக்க வேண்டியிருக்கும். வீட்டில் இரவல் கேட்பார்கள் என்றால், கல்யாணத்துக்கும் திவசத்துக்கும் கொடுக்க வேறொரு கிடாரத்தை வாங்கி வைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பரணில் இருக்கின்றன.